வெகுளியும் பெருமிதமும்: பழிவாங்கற் படங்களும் பார்ப்போர் உள்ளமும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே வெகுளிக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளார். உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல் என்பன அவை. அடிமைத்தனம் என்னும் கொடுமையை ஆராயப் புகுவோர் இந்நான்கும் அதனுள் ஒருங்கே அமைந்திருத்தலைக் காண்பர். அடிமையின் உடல் அவனுடையதன்று, அவன் குடி பிரித்து விற்கப்படும், அவன் அடிபடுவான், கொல்லப்படினும் கேட்பாரில்லை. ஆதலின் அடிமைத்தனத்தைப் பொருளாகக் கொண்ட நாடகமோ திரைப்படமோ காண்போரிடத்து வெகுளியை விளைத்தல் இயல்பே. விளைந்த அவ்வெகுளி யார்மீது செல்கின்றது, படம் முடிந்தபின் அது யாதாகின்றது என்பனவே திறனாய்வாளன் ஆராய வேண்டிய வினாக்கள்.

2012ஆம் ஆண்டு நத்தார் நாளன்று அமெரிக்காவில் வெளியான 'ஜாங்கோ அன்செயின்ட்' இவ்வினாக்களை உலகறிய எழுப்பிய படமாகும். இயக்கியவர் குவென்ரின் ரரன்ரீனோ. உள்நாட்டுப் போருக்கு முந்திய 1858ஆம் ஆண்டிற் கதை தொடங்குகின்றது. விடுதலை பெற்ற நீக்ரோ அடிமையாகிய ஜாங்கோ, பரிசுப் பணத்துக்காகக் குற்றவாளிகளை வேட்டையாடும் ஜெர்மானியன் ஒருவனுடன் சேர்ந்து, தன்னிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட மனைவியைத் தேடிச் சென்று மீட்கின்றான். இறுதியிற் பண்ணையாரின் மாளிகையையே வெடிவைத்துத் தகர்க்கின்றான். குதிரையும் துப்பாக்கியுமாக இத்தாலிய இயக்குநர்கள் 1960களில் எடுத்த படங்களின் பாணியை ரரன்ரீனோ வேண்டுமென்றே மேற்கொண்டார். 1966இல் வெளியான 'ஜாங்கோ' என்னும் இத்தாலியப் படத்திலிருந்தே நாயகனின் பெயரையும் எடுத்தார்.

அப்படத்தைக் கண்டோர் பலவாறு பிரிந்தனர். அடிமையொருவன் ஆண்டானைச் சுட்டு வீழ்த்தும் காட்சி இவ்வளவு காலமும் திரையில் இல்லாதிருந்தமையே குறை எனக் கூறி மகிழ்ந்தோர் பலர். கறுப்பின இயக்குநராகிய ஸ்பைக் லீயோ அப்படத்தைப் பார்க்கவே மறுத்தார். தம் மூதாதையர் பட்ட துன்பம் துப்பாக்கிச் சண்டைப் படமாவது அவர்களை அவமதிப்பதாகும் என்பது அவர் கருத்து. படத்தின் பாத்திரங்களைப் பொம்மைகளாக்கி விற்கப் புகுந்தபோது, அடிமைகளும் ஆண்டானும் மீண்டும் விற்பனைப் பொருளாயினர் என்று எதிர்ப்பு எழுந்தது. 2013ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அப்பொம்மைகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் அப்படம் திரைக்கதைக்கும் துணை நடிப்புக்குமாக இரண்டு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது.

இப்பிணக்கின் மூலம் படத்தினுள்ளேயே இருக்கின்றது. பண்ணையார் ஒரு கட்டத்தில், இத்தனை அடிமைகள் சூழ்ந்திருந்தும் அவர்கள் தம்மை ஏன் கொல்லவில்லை என்று வினவுகின்றார். மண்டையோட்டின் அமைப்பே காரணம் என்று தாமே விடையும் கூறுகின்றார். அவ்விடை பொய் என்பதைப் படம் அறியும். ஆயினும் மெய்யான விடையை அது தரவில்லை. ஜாங்கோ பதினாயிரத்தில் ஒருவன் என்பதே அதன் மறுமொழி. அங்ஙனமாயின் ஏனைய ஒன்பதினாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும் யாவர்? அவர்கள் நாயகனின் வீரத்தை வியந்து நோக்கும் ஊமைகளாய் நின்றுவிடுகின்றனர். ஸ்பைக் லீ குறிப்பிட்ட மூதாதையர் அவர்களே.

இவ்வினாவுக்குத் தமிழ்ப் படமொன்று நேரிய விடையொன்றைத் தந்துள்ளது. வெற்றிமாறன் இயக்கி 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியான 'அசுரன்', பூமணியின் 'வெக்கை' என்னும் நாவலைத் தழுவியது. நாவல், கொலைசெய்த சிறுவன் தன் தந்தையுடன் மறைந்து திரியும் நாட்களைக் கூறுவது. சாதியைப் பெயர்சொல்லிப் பேசாதது. திரைப்படமோ தந்தையாகிய சிவசாமிக்கு ஒரு முன்கதையைச் சேர்த்தது. அம்முன்கதையிற் குடிசைகள் எரிகின்றன. உள்ளே உறவினர் மடிகின்றனர். 1968ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியிலே கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டமையை அக்காட்சி நினைவூட்டுகின்றது.

இச்சேர்க்கையாற் படத்தின் அறம் மாறுகின்றது. மூத்த மகனைச் சிறையிலிருந்து மீட்கும்பொருட்டுச் சிவசாமி ஊரார் ஒவ்வொருவர் காலிலும் விழுகின்றான். காண்போர் அவனைக் கோழை என்று இகழ்கின்றனர். அவன் மகனும் அங்ஙனமே எண்ணுகின்றான். பின்னர் முன்கதை விரியும்போது, எதிர்த்தெழுந்தால் என்ன நேரும் என்பதை ஒருமுறை முழுதும் அனுபவித்தவன் அவன் எனத் தெரியவருகின்றது. ஜாங்கோ படத்துப் பண்ணையார் கேட்ட வினாவுக்கு விடை இதுவாகும். பணிந்தவன் அஞ்சியவனல்லன், பணியாமையின் விலையைத் தன் குடியைக் கொண்டு கொடுத்துத் தீர்த்தவன். ரரன்ரீனோவின் படத்தில் ஊமையாய் நின்ற அந்தப் பெருந்தொகையினருள் ஒருவனே ஈண்டு நாயகனாயினான்.

மெய்ப்பாட்டு நெறியால் நோக்கினும் இவ்வேறுபாடு விளங்கும். அழுகைக்குத் தொல்காப்பியர் முதலிற் கூறும் காரணம் இளிவு, அஃதாவது பிறரால் இகழப்படுதல். காலில் விழும் காட்சியும், செருப்பணிந்த குற்றத்துக்காக ஒரு பெண் அச்செருப்பைத் தலையிற் சுமந்து நடக்கும் காட்சியும் இளிவினாற் பிறந்த அழுகையை விளைப்பன. அதன்பின் வருவது குடிகோளும் கொலையும் மூட்டும் வெகுளி. அதன்மேல் தறுகண்மையாற் பிறக்கும் பெருமிதம். பெருமிதத்துக்கு அந்நூலார் கூறும் காரணங்களுட் கல்வியே முதலாவது. தறுகண்மை அதனையடுத்தே வருகின்றது. படத்தின் முடிவிலே மகன் செய்த கொலையைத் தன்மேல் ஏற்றுச் சிறைசெல்லும் தந்தை, எவராலும் பறிக்கமுடியாத கல்வியைப் பெறுமாறு மகனுக்கு அறிவுறுத்துகின்றான். தறுகண்மையிலிருந்து கல்விக்குச் செல்லும் இம்முடிவைச் சிலர் சமரசம் என்று குறைகூறினர். கல்வி பெற்றோரும் சாதியின் பெயராற் கொல்லப்படும் நாட்டில் அக்குறை முற்றும் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் அரிவாளைப் பெருமிதத்தின் எல்லையாகக் காட்டாத ஒரு பழிவாங்கற் படம் அரிது.

இனிக் காண்போரை நோக்குவோம். 'அசுரன்' வெளியான மாதத்திலேயே மு. க. ஸ்டாலின் அதனைப் பார்த்துப் பஞ்சமி நிலவுரிமையைப் பேசும் படம் என்று பாராட்டினார். உடனே மருத்துவர் ராமதாஸ், 'முரசொலி' அலுவலகம் அமைந்துள்ள நிலமே பஞ்சமி நிலம் என்று குற்றஞ்சாட்டினார். ஸ்டாலின் பட்டாவை வெளியிட்டு மறுத்தார். வழக்கு நில ஆவணத்தின்மேற் சென்றது; படம் எழுப்பிய கேள்வி பின்னே நின்றது. மாரி செல்வராஜ் இயக்கிய 'கர்ணன்' 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியானபோதும் இதுவே நிகழ்ந்தது. 1995இற் கொடியன்குளத்திற் காவற்றுறையினர் நடத்திய வன்முறையை நினைவூட்டும் அப்படம் காட்டிய ஆண்டு, அது எந்தக் கட்சியின் ஆட்சிக்காலம் என்னும் விவாதத்தைக் கிளப்பியது. பின்னர் அவ்வாண்டு பொதுப்பட மாற்றப்பட்டது. தன் தரப்பின்மீது பழி விழாதவாறு பார்த்துக்கொள்வதே காண்போரின் முதல் முயற்சியாயிற்று.

அரங்கினுள் இருக்கும் எளியோரும் இதற்கு விலக்கல்லர். பழிவாங்கற் படம் எல்லோரையும் நாயகன் பக்கத்திலேயே அமரச் செய்கின்றது. நிலத்தைப் பறித்தவரின் பேரனும் சிவசாமிக்குச் சீழ்க்கையடிக்கின்றான்; வடக்கூரானோடு தன் பாட்டனை அவன் ஒருபோதும் ஒப்பிட்டுப் பாரான். கொடுமை ஒரு கொடியவனின் குணமாகச் சுருங்கிவிட, அவன் மாண்டதும் கணக்குத் தீர்ந்ததென்று அவன் எழுந்து வீடு செல்கின்றான்.

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலிய தீவகத்து ஊர்களிற் பிறந்தோர் இப்படங்களைக் காணும்போது இவ்விடர் இருமடங்காகின்றது. 'கர்ணன்' ஊரிலே பேருந்து நிற்பதில்லை. நோயுற்ற சிறுமியொருத்தி நடுத்தெருவில் உயிர்விட, வண்டிகள் அவளைக் கடந்து ஓடுகின்றன. குறிகட்டுவான் துறையிற் படகுக்குக் காத்திருந்து பழகிய நெடுந்தீவாருக்கு அக்காட்சிக்கு உரை வேண்டியதில்லை. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். குடிகோளும் கொலையும் இன்னவென்பதைத் தீவகத்தார் நூலிற் படித்து அறிய வேண்டியவரல்லர். ஆதலின் திரையிலே தீயோன் வீழும்போது அவர்கள் அடையும் நிறைவை எள்ளுதல் தகாது. நீதிமன்றம் தராததைத் திரை ஒரு நாழிகைக்குத் தருகின்றது.

ஆயின் அதே தீவகத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொகுத்து நடைமுறைப்படுத்திய தேசவழமையில், நிலத்துக்கும் சீதனத்துக்கும் விதிகள் இருத்தல்போலவே அடிமைகளுக்கும் தனியே விதிகள் உள. அவ்வடிமைகள் சாதிப் பெயராலேயே வகுக்கப்பட்டனர். இலங்கையில் அடிமைத்தனம் சட்டத்தால் முற்றாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேயே. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் கோயில்களும் தேனீர்க்கடைகளும் கிணறுகளும் ஒருசாரார்க்கு மூடியே கிடந்தமையால், 1957இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வேண்டியதாயிற்று. அதற்குப் பின்னும் 1968இல் மாவிட்டபுரத்திற் கோயில் வாயில் திறக்குமாறு போராட நேர்ந்தது. நன்னீர் அரிதாகிய தீவிலே கிணற்றுக் கட்டை மிதிக்கக்கூடாதெனத் தடுக்கப்பட்டவன் எத்துணை இளிவரலுக்கு ஆளாயிருப்பான் என்பதை எண்ணுதல் வேண்டும். ஆகவே குமுதினியை நினைந்து சிவசாமியோடு அழுபவன், கிணற்றை நினைந்தால் வடக்கூரானோடும் ஓரிருக்கையில் அமரவேண்டியவனாகின்றான். இரண்டும் ஒருவனிடத்தே உள. படம் முதலாவதை மட்டுமே தட்டி எழுப்புகின்றது.

யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்து இவ்விடத்து ஒப்புநோக்கத் தக்கது. அதுவும் பகட்டான ஆட்டமும் பாட்டும் கொண்ட கலையே. சாதி எல்லையைக் கடந்து ஆரியமாலையை விரும்பியவன் கழுமரம் ஏறுதலே அதன் உச்சக் கட்டம். காண்போர் அக்கட்டத்துக்காக இரவு முழுதும் விழித்திருப்பர். கழுமரத்தை நாட்டியவர் எவரோ தீயவரல்லர், ஊர் வழமையே என்பதை அவர்கள் அறிவர். மாவிட்டபுரப் போராட்டத்தின் பின் கோயில் நுழைவைப் பொருளாக்கிய 'கந்தன் கருணை' நாடகம் இக்கூத்தின் மெட்டையே மேற்கொண்டமை பொருத்தமானது. பகட்டு வடிவம் துன்பத்தை இழிவுசெய்யும் என்று பொதுவாகக் கூறிவிட இயலாது என்பதற்கு அதுவே சான்றாகும். வடிவத்திற் குற்றமில்லை, வழமையின் குற்றத்தை ஒருவன் தலையிற் சுமத்திக் காண்போரை விடுவித்தலே குற்றம்.

தமிழில் பழிக்குப் பழி வாங்கிய பெருங்காட்சி கண்ணகியுடையது. புங்குடுதீவிலும் அவளுக்குக் கோயில் உண்டு. அவள் மதுரையை எரிக்குமுன் பாண்டியன் தன் குற்றத்தைத் தானே உணர்ந்து உயிர்விடுகின்றான். குற்றவாளி தன்னை அறியும் அக்கணத்தை இளங்கோவடிகள் தீக்கு முன்னர் வைத்தார். ஜாங்கோவின் பண்ணையாரும் வடக்கூரானும் தம்மை அறியாமலே மடிகின்றனர். அவர்கள் அறியாததை அறிந்துகொள்ளும் கடன் அரங்கில் இருப்போர்க்கே எஞ்சுகின்றது. 'அசுரன்' காண்போர் அரிவாள் உயரும் இடத்திலே கைதட்டுதலை எவரும் தடுக்க வேண்டியதில்லை. சிவசாமி வாயில் தோறும் விழுந்தெழும்போது அவ்வாயில்களுள் ஒன்று தன் பாட்டனுடையதோ என்று ஒருவன் வினவுவானாயின், அப்படம் அவன் அளவிற் பயன்பட்டதாகும்.