ஓதற்பிரிவும் பயணப்படியும்

பயண உதவித்தொகை அறிவிப்பை யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. எங்கள் கல்லூரி விலங்கியல் துறையின் ஆய்வு மாணவி ஒருத்தி அதை என்னிடம் கொண்டுவந்தபோதுதான் நானும் வாசித்தேன். அவளுடைய ஆய்வு வெளிநாட்டு மாநாடு ஒன்றில் போஸ்டராக வைக்கத் தேர்வாகியிருந்தது. ஆங்கிலம் அவளுக்குப் புரிந்தது. கணக்குதான் புரியவில்லை.

முதலில் செலவு செய், போர்டிங் பாஸும் ரசீதுகளும் கொண்டு வா, பிறகு தருகிறோம் என்பதே அந்தப் பிரதியின் சாரம். "வாய்ப்பு மறுக்கப்பட்டோருக்கு முன்னுரிமை" என்ற வரி மேலேயே இருக்கிறது. ஆனால் அடுத்தடுத்த விதிகள் எல்லாம் சேமிப்புக் கணக்கில் லட்சம் ரூபாய் வைத்திருக்கும் ஒருவனைப் பார்த்துப் பேசுகின்றன. விமானச் சீட்டுக்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தால் அந்த வட்டியை எழுத அதில் கட்டம் இல்லை.

தமிழ் படித்தவளுக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் இருக்குமா? அங்கே ஓதல் ஒரு பிரிவு. கல்விக்காகத் தலைவன் போவான், தலைவி காத்திருப்பாள். கடல் கடக்கும் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்றும் அது சொல்கிறது. இலக்கணமாவது இதை வெளிப்படையாகச் சொன்னது.

கடல் கடந்தவர்கள் இருக்கிறார்கள். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்துப் பாடமும் நடத்திய தாவரவியலாளர் ஜானகி அம்மாள் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றது ஆசியப் பெண்களுக்கென்றே 1917இல் ஏற்படுத்தப்பட்ட பார்பர் உதவித்தொகையில். 1931இல் முனைவரானார். 1955இல் பிரின்ஸ்டனில் மனிதர் பூமியை மாற்றியமைத்தது பற்றி நடந்த பெரிய கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். நம் மேடைகளில் இதைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த "ஒரே" என்ற சொல்லில் எனக்குப் பெருமை இல்லை. அவரைக் கப்பலேற்றிய உதவி யாருக்கு என்பதைத் தெளிவாகச் சொல்லியிருந்தது என்பதே எனக்கு முக்கியம்.

மாநாடு என்பது மேடையில் வாசிக்கும் கட்டுரை மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கோபம் மிகையாகத் தோன்றலாம். கட்டுரையை வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம். தேநீர் இடைவேளையில் போஸ்டர் முன்னால் நிற்கும் அந்நியர், "அடுத்து என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்பதை வீட்டிலிருந்து கேட்க முடியாது. மேலாய்வு வாய்ப்புகள் பல அங்கேதான் தொடங்குகின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த வட்டாரத்தில் சித்தப்பாவோ மாமாவோ கிடையாது.

குழந்தை உள்ளவர்கள் நிலை இன்னும் மோசம். 2018இல் அமெரிக்க விஞ்ஞானி ரெபெக்கா கலிசியும் அறிவியல் துறையிலுள்ள தாய்மார்கள் குழுவும் இதைப் பற்றி ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள்: மாநாட்டில் குழந்தைக் காப்புக்குப் பணம், பாலூட்ட இடம். நான் பார்த்த நம்மூர்ப் படிவங்களில் "உடன் வருபவர்" செலவு ஏற்கப்படாது என்ற ஒரு வரியோடு சரி. ஆறு மாதக் கைக்குழந்தையும் அங்கே உடன் வருபவர்தான்!

முன்பணமாகக் கொடுங்கள், சீட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள் என்று கல்லூரிக் கூட்டத்தில் சொன்னேன். "தணிக்கையில் கேள்வி வரும்" என்றார்கள். அலுவலர்கள் சுற்றுப்பயணத்துக்கு முன்பணம் வாங்கும்போது வராத கேள்வி.

அவள் போகவில்லை. போஸ்டரை நெறியாளர் எடுத்துச் சென்றார். திரும்பி வந்து, விசாரித்தவர்களின் முகவரி அட்டைகள் மூன்றை அவளிடம் கொடுத்தார். மூவருக்கும் அவள் மின்னஞ்சல் எழுதிவிட்டாள்.