பிழை பொறுக்கும் மட்டை

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரின் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் தேருக்குச் சிற்பம் செதுக்கிய மரபில் வந்த கலை அது. அந்த வேலைப்பாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பழைய கோல்ஃப் மட்டை ஒன்றைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

டீ என்னும் சிறு முளையில் பந்தை வைத்து அடிக்க டிரைவர் என்னும் மட்டை இருக்கிறது. புல்தரையிலேயே கிடக்கும் பந்தை நெடுந்தூரம் அனுப்புவது ஃபேர்வே வுட். ஒரு காலத்தில் அதன் தலை முழுக்கப் பெர்சிமன் மரம். நம் கருங்காலிக்கும் பீடி இலை மரத்துக்கும் நெருங்கிய சொந்தம் அது. ஒரே கட்டையில் கடைந்து, அடியில் ஈயம் வைத்து, பித்தளைத் தகடு முடுக்கி, மெருகேற்றுவார்கள். 1935 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ஜீன் சாரசன் 4-வுட் என்னும் ஃபேர்வே வுட்டால் 235 கஜத்திலிருந்து அடித்த பந்து நேரே குழிக்குள் போனது. அழகான மட்டைதான், ஆனால் நடுப்புள்ளி தப்பினால் தண்டனை கடுமை.

1979இல் கேரி ஆடம்ஸ் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி, உள்ளே வெற்றிடமான எஃகுத் தலையைக் கொண்டுவந்தார். நடுவில் அடைந்துகிடந்த எடையை அதன்பின் ஓரங்களுக்கு நகர்த்த முடிந்தது. இரு முனையிலும் குடம் தொங்கும் காவடித் தண்டைச் சட்டென்று திருப்ப முடியாதல்லவா, அதே கணக்குதான். மட்டை முகத்தின் ஓரத்தில் பந்து பட்டாலும் தலை அதிகம் திரும்பாது. எடை அடியிலும் பின்புறமும் இருந்தால் பந்து எளிதாக எழும்பும். மரக் காலத்து அறிவு ஒன்றும் இன்னும் உயிரோடு இருக்கிறது: முகத்தின் மெல்லிய புடைப்பு. வலக்கை ஆட்டக்காரர் நுனிப்பக்கம் அடித்துவிட்டால், பந்து வலப்புறம் கிளம்பி, சுழற்சியால் நடுவை நோக்கி வளைந்து வரும். அந்தப் புடைப்பைக் கண்டுபிடித்த கைகளை நான் வணங்குகிறேன்.

புதிதாக ஆடுபவர் 3-வுட் வாங்க வேண்டாம். அதன் முகச் சாய்வு சுமார் 15 பாகை. தரையிலிருந்து பந்தைக் கிளப்ப நல்ல வேகம் வேண்டும். 18 பாகை 5-வுட், அதைவிட 21 பாகை 7-வுட் அவருக்கு உற்ற துணை. அவற்றின் தண்டு (ஷாஃப்ட்) சற்றுக் குட்டை, பின்சுழற்சி அதிகம், ஆகவே பக்கவாட்டு விலகல் குறைவு. நடுத்தர ஆட்டக்காரருக்கு முக உயரம் குறைந்த 5-வுட் போதும். கைதேர்ந்தவர், பந்தை விரும்பியபடி வளைக்க, தலை சிறிய, எடை முன்னே வைத்த 3-வுட்டைத் தேடலாம். அது பிழையைக் குறைவாகத்தான் பொறுக்கும்.

பிழை பொறுக்கும் மட்டை என்றால் பலவீனருக்கானது என்ற எண்ணம் தவறு. 2020 மாஸ்டர்ஸை வென்ற டஸ்டின் ஜான்சனின் பையில் 7-வுட் இருந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த நம் அதிதி அசோக், தூரம் அடிப்பவர் அல்லர். மற்றவர்கள் இரும்பு மட்டை எடுக்கும் இடத்தில் அவர் வுட்டோ, வுட்டும் இரும்பும் கலந்த ஹைப்ரிட்டோ எடுத்து, குழி இருக்கும் கிரீனை எட்டுவார். அந்தத் துல்லியம் பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது.

ஊட்டி கோல்ஃப் மைதானத்தில், கடல் மட்டத்துக்கு 7,000 அடிக்கு மேலே, கால் வைக்கும் இடமெல்லாம் சரிவு. வலக்கைக்காரருக்கு ஏற்றத்தை நோக்கி நின்று அடித்தால் பந்து இடப்பக்கம் இழுக்கும். அங்கே நீளமான 3-வுட்டைவிட 7-வுட்டையே நான் நம்புவேன்.

வாங்கும்போது பாய்மேல் அடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். பந்துக்கு முன்பே தரையில் பட்ட மட்டையும் பாயில் வழுக்கிப் போய் நல்ல அடிபோலத் தோன்றும். புல்லில் அடியுங்கள். முகத்தில் கொஞ்சம் பவுடர் பூசினால் பந்து பட்ட தடம் தெரியும். தடம் நடுவை விட்டு விலகியபோதும் தூரம் அதிகம் குறையாத மட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.