ஃபெயில் போடத் தயங்கும் கை

2003-இல் வந்த ஓர் ஆய்வறிக்கையைப் போன வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். கிளாஸ்கோவைச் சேர்ந்த காத்லீன் டஃபி, பிரிட்டனின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் ஆதரவில் செய்தது. பெயர், 'ஃபெய்லிங் ஸ்டூடன்ட்ஸ்'. ஃபெயிலாகிற மாணவர்கள் என்றும் அர்த்தம் எடுக்கலாம், மாணவர்களைக் கைவிடுதல் என்றும் எடுக்கலாம். அந்த இரட்டை அர்த்தத்துக்காகவே முதல் தடவை படித்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.

அங்கே நர்சிங் படிப்பு 4600 மணி நேரம். அதில் சரிபாதி, 2300 மணி நேரம், நடைமுறைப் பயிற்சியில் கழியும். அப்போதைய முறையில், வார்டில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸே மாணவருக்கு மென்டார். கற்றுக்கொடுப்பதும் அவர்தான், கடைசியில் பாஸா ஃபெயிலா என்று கையெழுத்துப் போடுவதும் அவர்தான். திறமையில் சந்தேகம் இருக்கும் மாணவரும் எப்படித் தேறிவிடுகிறார் என்பதே டஃபியின் கேள்வி. 26 மென்டார்களிடமும் 14 விரிவுரையாளர்களிடமும் பேசினார்.

கிடைத்த பதில் எனக்கு நம்மூர் வீட்டுப் பேச்சு மாதிரியே கேட்டது. முதலாண்டு என்றால், 'இப்பதானே வந்திருக்கு, அடுத்த வார்டுல பாத்துக்குவாங்க.' கடைசி ஆண்டு என்றால், 'இவ்வளவு தூரம் வந்துட்டாங்க, நாம எப்படிக் கெடுக்கிறது?' மாணவரின் சொந்தக் கஷ்டம் தெரிந்திருந்தால் மனசு இன்னும் இளகிவிடும். குறையைச் சீக்கிரமே சொல்லாமல் தள்ளிப்போட்டால் அதற்குள் காலம் கடந்துவிடும். முன்கூட்டியே எச்சரித்ததற்கும் திருத்த வாய்ப்புக் கொடுத்ததற்கும் எழுத்தில் ஆதாரம் இருக்காது, அப்புறம் ஃபெயில் போட்டாலும் நிற்காது. துணிந்து போட்டவர்களுக்கோ, தான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லையோ என்ற குற்ற உணர்ச்சி.

அறிக்கை வந்தபிறகு 'ஃபெயில் போடத் தவறுதல்' என்பது இந்தத் துறையில் ஒரு பழகிய சொல்லாகிவிட்டது. அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. நர்ஸுக்குத் துணிச்சல் போதவில்லை, ஒரு பயிற்சி வகுப்பு வைத்தால் சரியாகும் என்று அது நினைக்க வைக்கிறது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாரக்கணக்காகக் கூடவே நின்று ஊசி போடக் கற்றுக்கொடுத்தவருக்கு, அந்த மார்க் தன் மார்க்காகத் தெரிவதில் என்ன கோளாறு? நல்ல வாத்தியாருக்கு அப்படித்தான் இருக்கும். சொல்லிக்கொடுத்த கையிலேயே தீர்ப்பையும் கொடுத்துவிட்டு, கை நடுங்குகிறதே என்று ஆச்சரியப்படுவதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று, நேரம். சந்தேகத்தை அன்றைக்கே உட்கார்ந்து எழுதி, மாணவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். மருந்து ரவுண்டுக்கும் அட்மிஷனுக்கும் நடுவில் எப்போது? 2008-இல் கவுன்சில் புதிய விதிகள் கொண்டுவந்தது. மாணவர் வார்டில் இருக்கும் நேரத்தில் குறைந்தது 40 சதவீதம் மென்டாரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனியாக ஒதுக்கியது கடைசிப் பயிற்சியில் கையெழுத்திடும் மென்டாருக்குத்தான். ஆரம்பத்திலேயே சொல்லாததுதான் சிக்கல் என்று டஃபி எழுதி 5 வருஷம் கழித்து, நேரத்தைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தார்கள் பாருங்க!

டஃபியிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. மாணவர்களிடம் அவர் பேசவே இல்லை. மூணு வருஷம் யாரும் வாயைத் திறக்காமல், கடைசியில் திடீரென்று 'நீ தேறலை' என்று கேட்பவரின் பக்கம் அறிக்கையில் இல்லை. தலைப்பின் இரண்டாவது அர்த்தம் அவரிடம்தானே இருக்கிறது?

2018-இல் மென்டார் முறையையே எடுத்துவிட்டார்கள். கூட நின்று மேற்பார்ப்பவர் வேறு, மதிப்பிடுபவர் வேறு. ஒரே மாணவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலையையும் ஒருவர் செய்யக்கூடாது. நான் மேலே கேட்ட கேள்விக்கு இது பாதி பதில். மதிப்பிடுபவர் இனி, மேற்பார்த்தவர் சொல்வதையும் எழுதிவைப்பதையும் பெரிதும் நம்பியாக வேண்டும். எழுத வேண்டியவர் அதே வார்டில், அதே மருந்து ரவுண்டில்தான் நிற்கிறார்.