கூப்பிடு தூரத்துக்கு அப்பால்

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காமல் பெற்றோரே வீட்டில் வைத்துக் கற்பிக்கும் வீட்டுவழிக் கல்வி, பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் படித்த நடுத்தரக் குடும்பங்களிடையே ஒரு நாகரிகமாகவே பேசப்பட்டு வருகிறது. அதற்காக வாதாடுவோர் முன்பெல்லாம் அமெரிக்கரான ஜான் ஹோல்ட்டையும், பள்ளி இல்லாமல் வளரும் பிள்ளைகளுக்காக அவர் 1977-இல் தொடங்கிய இதழையும் சான்று காட்டினர். இப்போது சான்று உள்ளூருக்கு வந்துவிட்டது. ஐந்தாறு பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பழைய குடும்பமே ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது, மூத்தது இளையதுக்குச் சொல்லிக்கொடுத்தது, அடுப்படியும் களத்துமேடும் கணக்கையும் அறிவியலையும் கற்றுத்தந்தன, பள்ளிதான் அந்த இயல்பான படிப்பைக் கலைத்துப் போட்டது என்கிறார்கள். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே இருக்கும் ஆமத்தூரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பார்க்கும் எவரும் இந்த வாதத்தை அப்படியே ஏற்க முடியாது. ஏனெனில் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதைத் தலைமுறைக் கணக்கில் அறிந்த வட்டாரம் இது.

பள்ளிகள்மீது இவர்கள் சாட்டும் குற்றங்கள் பெரும்பாலும் உண்மை. படிப்பு மனப்பாடமாகிவிட்டது, விடிந்தும் விடியாமலும் வேனில் அடைபட்டுப் போகும் ஐந்து வயதுப் பிள்ளை மாலையில் டியூஷனுக்கும் போகிறது, உடல்சார் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்த பிறகும் பிரம்பு முற்றாக ஒழியவில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளை தனக்குப் பிடித்ததில் நாளெல்லாம் மூழ்கியிருக்கலாம், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வையும் எழுதிவிடலாம். பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 2009-ஆம் ஆண்டின் அச்சட்டம் 10-ஆம் பிரிவில் சொன்னாலும், தவறுவோருக்குத் தண்டனை எதையும் வைக்கவில்லை. இவையெல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டியவையே.

ஒத்துக்கொள்ள முடியாதது, வீட்டைப் பற்றி அவர்கள் தீட்டும் சித்திரம். அந்தச் சித்திரத்தில் வீட்டுக்கு வேலை என்று ஒன்று கிடையாது. பிள்ளையும் புத்தகமும் அன்பும் ஓய்வும் மட்டுமே இருக்கின்றன. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தியைத் தொடங்கிய பின், இந்தக் கரிசல் பூமியின் பல வீடுகள் தொழிற்சாலையின் ஒரு பகுதியாகவே மாறின. குச்சியை மருந்தில் முக்கும் வேலை தீப்பெட்டி ஆபீசில் நடந்தது. பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்குக் கொடுத்துவிடப்பட்டது. பலகையில் பசையைத் தடவி, தாள்களை வரிசையாகப் பரப்பி, மெல்லிய மரச்சீவலை அதன்மேல் வைத்து, கோடு விழுந்த இடத்தில் மடித்து, விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து வெயிலில் போட்டால் ஓர் அடிப்பெட்டி ஆகும். கூலி நேரத்துக்கு இல்லை, குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு. எண்ணிக்கைக்குக் கூலி என்றான பின் வீட்டில் எத்தனை கைகள் இருக்கின்றனவோ அத்தனையும் கணக்கில் சேரும். பிஞ்சு விரலும் மடிக்கப் பழகிவிடும். அந்த வீட்டிலும் கற்றல் நடக்கவே செய்தது. பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கிய பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு தெரிந்துவிட்டது. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை அந்தப் பெட்டி ஒருநாளும் கேட்கவில்லை. வாழ்க்கையே பாடம் என்று பேசுவோர் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. வேலை தனக்குத் தேவையான அளவுக்கே கற்பிக்கும். அதற்கு மேல் ஒரு படி வேண்டுமானால் வேலையிலிருந்து எழுந்து போகத்தான் வேண்டும்.

சட்டமும் வீட்டை நம்பியது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசுத் தயாரிப்பில் பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளை ஈடுபடுத்தக் கூடாது என்றது. ஆனால் ஒருவர் தம் குடும்பத்தாரின் உதவியோடு நடத்தும் பட்டறைக்கும், அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளிக்கும் இந்தத் தடை பொருந்தாது என்று அதே பிரிவிலேயே விலக்கும் தந்தது. பிள்ளையின் நலனைக் கேள்வியின்றி ஒப்படைக்கத்தக்க இரண்டு இடங்களாக வீட்டையும் பள்ளியையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தது அந்தச் சட்டம். வீட்டுவழிக் கல்வியை ஆதரிப்போரும் அந்த இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று ஈடு என்றே கொள்கிறார்கள். சிவகாசி வட்டாரப் பிள்ளைகளின் உழைப்பைக் காட்டும், சலம் பென்னுர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் 1990-இல் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எம். சி. மேத்தா வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆலைக்கு முதலாளி உண்டு, ஆகவே அவரிடம் கேட்கலாம். வீட்டில் பெட்டி ஒட்டிய பிள்ளைக்கு முதலாளி யார்? தாயிடமா இருபதாயிரம் கேட்பது? 2016-இல் சட்டம் திருத்தப்பட்டபோதும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் பிள்ளைகள் உதவலாம் என்ற விலக்கு நின்றது. அந்த விலக்கையும் அளந்து தருவது பள்ளி நேரம் என்ற சொல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளியே இல்லாத பிள்ளைக்கு அந்த அளவுகோல் எங்கிருந்து வரும்?

இன்று வீட்டுவழிக் கல்வியை நாடுவோர் பெட்டி ஒட்டும் குடும்பத்தார் இல்லையே, படித்த பெற்றோர்கள்தாமே என்ற மறுப்பு எழும். மறுப்பு நியாயமானதே. எனினும் பல பிள்ளைகள் உள்ள வீட்டில் கூலி வேலை இல்லாவிட்டாலும் வேலை இருக்கிறது. அந்த வேலைக்குப் பெயர் பிள்ளை வளர்ப்பு. பத்து வயது, எட்டு வயது, ஐந்து வயது, மூன்று வயது, கைக்குழந்தை என்று ஐவர் இருக்கும் வீட்டில் ஒரு முற்பகல் எப்படிப் போகும் என்று எண்ணிப் பார்க்கலாம். தாய் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது சேலைத் தொட்டிலில் கைக்குழந்தை சிணுங்கும். அரையும் காலும் பாதியில் நிற்க, தாய் எழ முடியாமல் மூத்த மகளைப் பார்ப்பாள். அந்தப் பார்வை போதும், வகுத்தல் கணக்கில் மீதியை எழுதாமலே அவள் பென்சிலை வைத்துவிட்டுப் போய்த் தொட்டிலை ஆட்டுவாள். ஆட்டிக்கொண்டே இருக்கும்போது மூன்று வயதுப் பிள்ளை பாலைக் கொட்டும். துடைத்துவிட்டு வருவதற்குள் சோறு பொங்கும் நேரமாகிவிடும். யாரும் அவளை வேலை வாங்கவில்லை, யாரும் அதட்டவில்லை, அந்த வீட்டில் அன்புக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அந்த மீதி எழுதப்படவில்லை. நாளைக்கும் எழுதப்படாது, ஏனெனில் நாளைக்கும் தொட்டில் அங்கேதான் தொங்கும். குடும்பத்தில் மூத்தது பெண்ணாகப் பிறந்துவிட்டால் அவளுடைய பொறுப்புணர்வையும் பக்குவத்தையும் வீட்டுவழிக் கல்வியின் சாதனை என்று காட்டுகிறார்கள். பத்து வயதில் வந்த அந்தப் பக்குவம் எதைக் கொடுத்து வாங்கப்பட்டது என்ற கேள்வியை இந்த முறையைப் புகழும் எழுத்துகள் அரிதாகவே கேட்கின்றன.

மூத்தோர் இளையோருக்குக் கற்பிக்கும் வழக்கத்துக்குத் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் சட்டாம்பிள்ளையை, அதாவது ஆசிரியருக்கு உதவியாக மற்ற மாணவரைக் கவனித்துக்கொள்ளும் மூத்த மாணவனை, முன்னுதாரணமாகச் சொல்கிறார்கள். ஆண்ட்ரூ பெல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றில் இம்முறையை நடத்திப் பார்த்து 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டதும், அது மதராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியதும் வரலாறு. ஆனால் திண்ணையில் பாடம் முடிந்ததும் சிறுவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சட்டாம்பிள்ளையின் பொறுப்பு அத்தோடு தீர்ந்தது. வீட்டுச் சட்டாம்பிள்ளையான அக்காளுக்குத் தன் மாணவரை அனுப்பிவைக்க வேறு வீடு இல்லை.

பள்ளி பிள்ளைக்குத் தரும் முதல் கொடை பாடமே அல்ல என்று இதனால் சொல்ல வேண்டியிருக்கிறது. நாளில் சில மணி நேரமாவது அவளை வீட்டின் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் வைக்கிறது. அம்மா எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் கேட்காத தொலைவில், இது உன் நேரம் என்று உட்கார வைக்கிறது. மோசமான பள்ளிகூட இதைச் செய்கிறது. மிக நல்ல வீட்டாலும் இதைச் செய்ய முடியாது, ஏனெனில் வீடு என்பதே ஒருவர் குரலுக்கு மற்றவர் எழுந்து வரும் இடம்.

இந்த நேரக் கணக்கைத் தமிழகம் ஒருமுறை அரசியல் களத்திலேயே தீர்த்துக்கொண்டது. அப்போதைய முதலமைச்சர் ராஜாஜி 1953-இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளியை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தைப் பெற்றோரிடம் தொழில் பழகுவதற்கு விட்டது. பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் இரு வேளையாகப் பிரித்தால் இரு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்ற காரணமும் அதற்கு இருந்தது. அது குலக்கல்வி என்று கண்டிக்கப்பட்டது, சாதியை நிலைநிறுத்தும் என்பதால். அந்தக் கண்டனம் முற்றிலும் சரியானது. ஆயினும் அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கமும் அதற்கு உண்டு: பள்ளி அப்போதுதான் வீட்டிடமிருந்து பெற்றிருந்த நேரத்தில் ஒரு பகுதியை அத்திட்டம் வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தது. விருதுநகரில் பிறந்து, பள்ளிப் படிப்பை இளம் வயதிலேயே நிறுத்திவிட்டுக் கடையில் நின்ற காமராஜர் 1954-இல் முதலமைச்சரானதும் அத்திட்டத்தைக் கைவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் விரிவாக்கிய மதிய உணவைப் பசிக்கான மருந்தாக மட்டுமே காண்பது குறைபட்ட பார்வை. நண்பகலில் சோற்றுக்காக வீட்டுக்குப் போகும் பிள்ளை வாசலில் கிடக்கும் வேலையைப் பார்த்தபின் திரும்பி வருவது எளிதன்று. சோறு பள்ளியிலேயே கிடைத்ததால் பிற்பகலும் பிள்ளைக்கு உரியதாயிற்று. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அதே வேலையைக் காலைப் பொழுதுக்குச் செய்கிறது.

பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய தமிழகப் பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. அந்தப் பத்தொன்பது மாதங்களும் அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் வீடே பள்ளியாக இருந்தது. அதன் விளைவான கற்றல் இழப்பு தெரிந்ததே. அதைச் சரிசெய்ய வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ பெயரில் இல்லத்தை வைத்திருந்தாலும், தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தது அவரவர் வீட்டில் அல்ல, பல வீட்டுப் பிள்ளைகள் கூடும் ஓரிடத்தில்தான்.

பிள்ளையின் விருப்பத்தோடுதானே வீட்டில் வைத்திருக்கிறோம் என்பது கடைசி வாதம். பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தும் அமெரிக்க ஆமிஷ் சமயக் குடும்பங்களின் உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1972-இல் ஏற்றபோது, பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும் என்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் தனித்து எழுதினார். அவர் எழுதியது சரி. ஆனால் இடுப்பில் தம்பியோடு நிற்கும் பத்து வயது மகளிடம், தாயின் முன்னிலையில், பள்ளிக்குப் போகிறாயா என்று கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? அவள் முதலில் தம்பியைத்தான் பார்ப்பாள்.

இந்த வட்டாரத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது, அவளைக் கேட்காமலே. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-இல் நாட்டில் தொடங்கியது. தமிழகத்தில் 1982-இல் வந்த சத்துணவுத் திட்டம் பள்ளி வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. ஊர்தோறும் அங்கன்வாடி வந்தது. பல ஊர்களில் தொடக்கப் பள்ளியை ஒட்டியே வந்தது. காலையில் அக்காள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த வாசல்வரை வருவாள். ஆயாவிடம் அவனை இறக்கி விடுவாள். அவன் அழுவான், அவள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். பிறகு இருபது எட்டு நடந்து, தன் வகுப்பில் போய் உட்காருவாள்.