புளியில் ஓர் 'அம்'

மதுரையைக் களமாகக் கொண்ட கதை ஒன்றை அண்மையில் படித்தேன். நல்ல கதைதான். ஆனால் மேலூர்ச் சாலையோரத்து மரத்தை ஆசிரியர் 'புளி மரம்' என்றே எழுதிக்கொண்டு போகிறார். அங்கே பழம் பொறுக்கும் கிழவி ஒருநாளும் அப்படிச் சொல்லமாட்டாள். அவள் வாயில் புளியமரம், புளியம்பழம், புளியங்கொட்டை என்றுதான் வரும். அடுப்படிக்குப் போனால் அவளே புளிக்குழம்பு, புளிச்சோறு என்பாள்.

இது ஏதோ கொச்சை வழக்கு அல்ல. தொல்காப்பியர் இரண்டுக்கும் தனித்தனியே விதி சொல்லியிருக்கிறார். புளி என்பது மரத்தைக் குறித்தால் 'அம்' சாரியை வரும். மகரத்தின் முன் அதன் 'ம்' கெட்டுப் புளியமரம் ஆகும். சுவையைக் குறித்தால் 'அம்' கிடையாது. புளிங்கூழ் என்றோ புளிக்கூழ் என்றோ ஆகும். கிழவிக்குச் சூத்திரம் தெரியாது, ஆனால் தவறுவதில்லை.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. இம்மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவர நூலார். அராபியர் இதன் பழத்தை 'இந்தியப் பேரீச்சை' என்றார்கள். ஆங்கிலத்தின் 'டாமரிண்ட்' அதிலிருந்து பிறந்ததே. தமிழோ புளிப்பைச் சொல்லும் தன் சொல்லையே மரத்துக்கும் தந்து, இரண்டும் குழம்பாதிருக்க ஒரு சாரியையும் வைத்தது.

1966இல் வெளிவந்த நாவலுக்குச் சுந்தர ராமசாமி இட்ட பெயர் 'ஒரு புளியமரத்தின் கதை'. 'புளி மரத்தின் கதை' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒப்புகிறதா?

நான்குவழிச் சாலைக்காக மதுரையைச் சுற்றிப் பல புளியமரங்கள் வெட்டுண்டு போயின. அவற்றைக் கதையிலாவது நிறுத்த நினைப்பவர்கள், அந்த 'அம்'மையும் சேர்த்தே நிறுத்தட்டும்.