பொன்னாவின் வேண்டுதல்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை வகுப்பில் எடுத்தால் பேச்சு நேராக 14ஆம் நாள் இரவுக்குப் போய்விடும். நாவல் வந்தது 2010இல். 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் எழுந்த எதிர்ப்பு, அடுத்த மாதமே தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தது, 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு என எல்லாமே அந்த ஓர் இரவைச் சுற்றித்தான் நடந்தன. எதிர்த்தவர்கள் ஊர்ப் பெண்களின் மானம் என்றார்கள். நாங்கள் எழுத்துரிமை என்றோம். பொன்னா எதை நம்பி அந்தத் திருவிழாவுக்குப் போனாள் என்ற கேள்வி இந்தச் சத்தத்தில் எங்கோ விழுந்துவிட்டது.

நானும் அதைத் தேடி எடுக்கவில்லை. பொன்னா மூடநம்பிக்கைக்குப் பலியானவள் என்று பல ஆண்டுகள் பாடம் சொன்னேன். ஒருமுறை வகுப்பு முடிந்ததும் முதுகலை மாணவி ஒருத்தி வந்து நின்றாள். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆனவள். “மேடம், போன வாரம்தான் திருக்கருகாவூர் போய் நெய் வாங்கிட்டு வந்தேன். பொன்னாவை ஏமாளின்னு மட்டும் சொல்லாதீங்க” என்றாள். வாதாடும் தொனியே இல்லை. பிறகு பேருந்துக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

அன்றிரவு நாவலை மறுபடி எடுத்தேன். இந்த முறை திருவிழாவை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய பக்கங்களில் நின்றேன். காளிக்கும் பொன்னாவுக்கும் மணமாகி 12 ஆண்டுகள். அதற்குள் அவர்கள் நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன்கள் எத்தனை! முன்னோர்கள் ஒரு பெண்ணுக்கு இழைத்த கொடுமையால் வந்த சாபம் என்று ஒரு காரணம் கிடைக்கிறது. அதற்கும் பரிகாரம் செய்கிறார்கள். கடைசியில் மலைமேல் இருக்கும் வறடிக்கல். பிள்ளையில்லாதவளை வையும் சொல்லையே அந்தக் கல்லுக்குப் பெயராக வைத்திருக்கிறது ஊர். கால் தவறினால் உயிர் மிஞ்சாத இடத்தில் பொன்னா அதைச் சுற்றி வருகிறாள்.

முன்பு அந்தக் காட்சியை ஒரு பெண்ணுக்கு நேரும் வதையாக மட்டுமே படித்திருந்தேன். வதைதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டிலும் விசேஷத்திலும் அவளைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். காளிக்கு இரண்டாம் தாரம் கட்டிவைக்கலாமா என்று அவள் இருக்கும்போதே யோசிக்கிறார்கள். நிலத்துக்கு வாரிசு இல்லை என்று கணக்குப் போடுகிறார்கள். அவளாக எழுந்து செய்யக்கூடிய காரியம் என்று அவளுக்கு மிஞ்சியது வேண்டுதல் ஒன்றுதான். வாய்திறந்து கேட்க ஓர் இடமும் அவளுக்கு அதுதான். திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சன்னதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலமிடும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பவளிடம் “எத்தனை வருஷம் ஆச்சு?” என்று அங்கே கேட்கலாம். அதே கேள்வியை ஊரில் கேட்டால் குத்தல். அங்கே அது விசாரிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நெய்யைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே 48 நாள் சாப்பிட வேண்டும் என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிள்ளையில்லாக் குறையை இருவருக்கும் பொதுவாக வைப்பதில் அம்மன் மாமியார்களைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் பிள்ளை பிறந்தால் அம்மன் அருள், பிறக்காவிட்டால் இவள் விரதத்தில் ஏதோ பிசகு என்ற கணக்கு மாறுவதில்லை. பிள்ளை வேண்டாம், என்னைப் பேசாமல் விட்டால் போதும் என்று வரம் கேட்க எந்தச் சன்னதியிலும் இடமில்லை. பொன்னாவுக்கு இந்த இரண்டுமே வேண்டியிருந்தன என்று படுகிறது.

14ஆம் நாள் திருவிழாவுக்குப் போவாயா என்று காளி கேட்கும் இடம்தான் இப்போது எனக்கு நாவலின் மையம். நீ சொன்னால் போகிறேன் என்கிற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். அவனுக்கு அது துரோகமாகப்படுகிறது. அந்த இரவில் வரும் ஆண்கள் எல்லோரும் சாமி என்று ஊர் சொன்னதை அவள் முழுசாக நம்புகிறாள், அவனால் முடியவில்லை. அவளுடைய கற்பைச் சோதித்ததாக அவன் நினைத்திருக்கலாம். அவளோ பக்தியைக் கேட்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டாள். கடைசியில் காளி சம்மதித்துவிட்டான் என்று அண்ணன் முத்து பொய் சொல்லித்தான் அவளை அனுப்ப முடிகிறது. அவளை ஏமாற்றியது சாமியல்ல, சொந்த வீடு. என் மாணவி சொன்னதன் அர்த்தம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

திருவிழாக் கூட்டத்தில் பொன்னாவை யாருக்கும் தெரியாது. அங்கே அவள் வறடி இல்லை. பெருமாள்முருகன் இந்தப் பகுதியை அவசரப்படாமல், அவளைக் கீழிறக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் நாவலின் கடைசிப் பக்கத்தை அவளுக்குக் கொடுக்கவில்லை. அது பூவரச மரத்தடியில் காளியின் துயரத்தோடு முடிகிறது. தொடர்ச்சியாக வந்த ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ இரண்டும் காளி செத்தானா பிழைத்தானா என்ற இடத்தில்தான் பிரிகின்றன. பொன்னாவின் வேண்டுதலை வைத்துக் கதை இரண்டாகப் பிரிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

அந்த மாணவி தேர்வு முடித்துப் போய்விட்டாள். 48 நாள் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. இந்த வருடம் பாடத்தை வறடிக்கல்லில் இருந்து ஆரம்பித்தேன். 14ஆம் நாளுக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது.