நாவில் விழுந்த முடிச்சு

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாறு நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவது. ஹிஜ்ரி 484இல் பக்தாது நிஜாமிய்யாவின் பேராசிரியப் பீடத்தில் அமர்ந்தவர், நான்கே ஆண்டுகளில் பதவியும் புகழும் துறந்து ஷாம் நாடு சென்றார் என்பது அதன் சுருக்கம். கேட்போர் மெய்சிலிர்ப்பர். ஆயினும், அப்பெருந்தகை தம் வாழ்வைத் தாமே எடுத்துரைக்கும் 'அல்முன்கிது மினள் ளலால்' என்னும் நூலின் ஒரு பகுதியைப் பேச்சாளர் பலர் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். அது மருத்துவர்கள் வருகின்ற பகுதி. அவ்வாறு தாண்டிச் சென்றோருள் நாமும் ஒருவராயிருந்தோம் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறோம்.

அப்பகுதி கூறுவது இது. ஹிஜ்ரி 488 ரஜப், அதாவது கி.பி. 1095 ஜூலை தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம், உலக நாட்டமும் மறுமை நாட்டமும் அவரை இருபுறமும் இழுத்தன. முடிவில் நா கட்டுண்டது. மாணவர் மனம் மகிழ ஒருநாளேனும் பாடம் சொல்ல முயன்றும் ஒரு சொல் எழவில்லை. அத்துயரம் உள்ளத்தில் இறங்கிற்று, உண்டது செரிக்கவில்லை, பருகியது தொண்டையில் இறங்கவில்லை, உடல் தளர்ந்தது. மருத்துவர்கள் மருந்தால் ஆவதொன்றில்லை எனக் கைவிட்டனர். நோய் உள்ளத்தில் தோன்றி உடலியல்பிற் பரவியிருக்கிறது. உள்ளே அரிக்கும் கவலை தணிந்தாலன்றி இதற்குச் சிகிச்சை இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதனை எழுதியவர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' எனப் போற்றப்பட்டவர், ஐம்பது வயதைக் கடந்த பின்னர், பலரும் படிக்குமாறு எழுதுகிறார். மருத்துவர் வந்ததை அவர் மறைக்கவில்லை. கல்வி கற்பித்ததில் தம் எண்ணம் தூயதாயிருந்ததா என்று தம்மைத் தாமே கடுமையாக விசாரித்தவரும் அவரே. மருத்துவர் சொல்லை மதித்துப் பதிந்தவரும் அவரே. ஆன்ம விசாரணையையும் நோய்க்குறியையும் அடுத்தடுத்து வைத்தாரேயன்றி, ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழித்தாரில்லை. இந்நூலின் நேர்மை இவ்விடத்தில்தான் உச்சம் பெறுகிறது என்பது நம் துணிபு.

எனினும் இந்நூலில் ஓர் இடைவெளி உண்டு. அரித்த அக்கவலையை இமாம் அவர்கள் எவரிடம் அமர்ந்து சொன்னார்கள்? நூல் பேசவில்லை. ஷாம் செல்லும் எண்ணத்தை மறைத்து, மக்கா செல்வதாகவே வெளியிட்டார்கள். ஊராரோ ஆளுக்கொரு காரணம் கற்பித்தனர். இவ்விடைவெளியை அவர்களுடைய 'இஹ்யா' நிரப்புகிறது. தன் குறையைத் தானே காண்பது அரிது. ஆதலின் வழிகாட்டும் ஷைகையோ, உண்மை பேசும் தோழரையோ நாடுக என்று அங்கே நெறி வகுக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு ஹிஜ்ரி 322, கி.பி. 934) இதனை மருத்துவமாகவே எழுதினார். 'மஸாலிஹுல் அப்தான் வல்அன்ஃபுஸ்' என்னும் அவர் நூலின் முற்பகுதி உடலுக்கு, பிற்பகுதி உள்ளத்துக்கு. சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனப் பிணிகளைப் பிரித்து, தானே எண்ணித் தேறுவது ஒரு சிகிச்சை, பிறர் சொல் கேட்டுத் தேறுவது மற்றொரு சிகிச்சை என்கிறார். வஸ்வாஸ் உடையோர் தனிமையைத் தவிர்க்க வேண்டும் என்கிறார். இஸ்தான்புல்லில் சுவடியாகக் கிடந்த இந்நூல் 1984இல் பிராங்க்பர்ட்டில் நிழற்படப் பதிப்பாக வெளிவந்தது.

நூல்களைப் போற்றுவது எளிது. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஒளுச் செய்யப் போனால் எளிதில் திரும்பமாட்டார். கழுவிய கையையே மீண்டும் மீண்டும் கழுவுவார்; ஜமாஅத் முடிந்துவிடும். "இது வஸ்வாஸ், பொருட்படுத்தாதீர்" என்றோம். பிக்ஹுச் சட்டப்படி அது சரியான விடையே. ஈராண்டு கழிந்து அவருடைய உம்மா அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். பின்னர் நம்மைக் காண வந்தவர் சொன்னார்: "முதல் நாள் நான் அதிகம் பேசவில்லை, ஹஜ்ரத். அழுகைதான் வந்தது. ஒளுவுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போகிறது என்று டாக்டர் கேட்டார். அதுவரை அதை யாரும் கேட்டதில்லை." நாமும் கேட்டதில்லை.

இந்நோய்க்கு இன்று மருந்தும் உண்டு. ஐயம் எழுந்தபோதும் மறுபடி கழுவாமல் பொறுத்திருக்கும் பயிற்சியும் உண்டு. உற்று நோக்கின், பொருட்படுத்தாதே என்ற சட்டமும் இப்பயிற்சியும் ஒரு திசையையே காட்டுகின்றன. நாம் எல்லையைச் சொன்னோம். அவ்வெல்லைவரை படிப்படியாகக் கைபிடித்து நடத்த ஆள் வேண்டியிருந்தது.

ஆதலின், வீட்டிலொருவர் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ முதன்முறை காணச் செல்வாராயின், குடும்பத்தார் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். முதற் சந்திப்பில் அற்புதம் நிகழ்வதில்லை. உறக்கம், உணவு, துயரம் தொடங்கிய காலம் ஆகியவை பற்றிய வினாக்களே மிகுதி. சென்றவர் பாதியே சொல்லியிருப்பார். சொன்னது தவறோ என்ற அச்சத்தோடும் சோர்வோடும் திரும்புவார். "என்ன பேசினாய்?" என்று துருவ வேண்டா. ஒருவர் பொருந்தாவிடின் வேறொருவரை நாடலாம். சபையில் பேசப்பட்டது அமானிதம் என்பது நம் மரபு. உயிருக்கு ஆபத்துப் போன்ற சில நிலைகள் நீங்கலாக, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது.

நபி மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சு அவிழ வேண்டுமென இறைவனிடம் இறைஞ்சினார்கள் என்று திருமறை கூறுகிறது. அத்துடன் நிற்கவில்லை, தம் சகோதரர் ஹாரூனைத் துணையாகத் தருமாறும் அதே துஆவில் கேட்டார்கள். இறைவனோடு நேரே உரையாடிய நபிக்கே துணை வேண்டியிருந்தது. துணை தேடுவோரை ஈமான் குறைந்தோர் என்று கூறும் தகுதி நமக்கு எங்கிருந்து வந்தது? இனி இமாம் அவர்களின் வரலாற்றைச் சொல்வோர் மருத்துவர் வந்த பகுதியையும் சேர்த்தே சொல்வாராக.